இரண்டு மணிக்குக் கழற்றிய கருவி

மார்ச் 4, செவ்வாய்

பட்டறைக் காற்றில் தூசி அளக்கத் தொழில் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து அமாயா என்ற பெண் வந்தாள். எலோயின் இடுப்பில் சின்ன பம்பு ஒன்றை மாட்டி, அதன் குழாய் முனையைக் காலரில் குத்திவிட்டாள். அவன் மூச்சில் போவதை அதுவும் இழுக்குமாம்.

எலோய் என் மச்சான், என் மனைவி கசில்டாவின் அண்ணன். பட்டறை எங்கள் இருவருக்கும் பொது. அடுப்படி மேடைக்கான செயற்கைக் கல்லை நான் தண்ணீர் ஓடும் ரம்பத்தில் அறுப்பேன். அவன் கிரைண்டரால் விளிம்பு தேய்ப்பான், உலர்வாக. பதினெட்டு வருடமாக. கிரைண்டருக்குத் தூசி மூடியும் உறிஞ்சும் இயந்திரமும் வந்தது போன வருடம்தான். கல்லில் வரைந்த கோட்டை மூடி மறைக்கிறது என்று தினமும் திட்டுவான், ஆனாலும் போடுகிறான்.

கிறிஸ்துமஸிலிருந்து இருமுகிறான். அமாயாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 21, வெள்ளி

முடிவு வந்தது. அனுமதித்த அளவுக்குள்தான். எலோய் அதைச் சுவரில் ஒட்டி, "பாத்தியா மாப்ள, உன் வீட்டு அடுப்படியவிடச் சுத்தம்" என்றான். சிரிக்கப் போய் இருமினான். உட்கார்ந்துவிட்டான்.

மார்ச் 22

எண் நன்றாக இருக்கிறது. பிறகு இவன் ஏன் இருமுகிறான்?

ஏப்ரல் 2, புதன்

இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது கம்ப்ரஸர் குழாயால் எலோய் மேல் காற்று அடிப்பேன். சட்டை வெள்ளையாக இருந்தால் அவன் மனைவி நியேவெஸ் காரில் ஏறவே விடமாட்டாள். அவன் கைகளை விரித்து மெல்லச் சுற்றுவான். முன்னால், பின்னால், தலைமுடி. இங்கே எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். இன்று ஜன்னல் வெயிலில் பார்த்தேன் — அடித்து முடித்தும் தூசி இறங்கவில்லை. அவன் முகத்தைச் சுற்றியே நின்றது. அவன் அதற்குள் பேசிக்கொண்டிருந்தான்.

அமாயா வந்த அன்று சரியாக இரண்டு மணிக்குப் பம்பைக் கழற்றினாள், சாப்பாட்டு நேரம் என்று. அவள் வெளியே போனதும் நான் குழாயை எடுத்தேன். பம்பு மேசைமேல் கிடந்தது. எங்கள் நாளிலேயே மோசமான ஐந்து நிமிடத்தை அது இழுக்கவே இல்லை!

எலோயிடம் சொன்னேன். "வாய வச்சுக்கிட்டு சும்மா இரு மாப்ள. நல்லா வந்தத ஏன் கெடுக்குற? பட்டறைய மூடச் சொன்னா என்னடா பண்ணுவ?"

என்ன பண்ணுவேன்?

ஏப்ரல் 3

அமாயாவுக்குப் போன் செய்துவிட்டேன். காட்டிக் கொடுத்தவன் போல் காருக்குள் உட்கார்ந்து பேசினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அமாயா மறுபடி வந்தாள். ஒரு வாரமாக எலோய் என்னோடு பேசவில்லை. இரண்டு மணிக்குப் பம்பு இடுப்பில் இருக்க, கைகளை விரித்து நின்றான், என்னைப் பார்க்காமல். காற்று அடித்தேன்.

அவள் திட்டவில்லை. நேராகப் போய்க் கம்ப்ரஸர் குழாயைப் பிடுங்கிக் காரில் வைத்துக்கொண்டாள். உடைத் தூசியை உறிஞ்ச வேண்டுமே தவிர ஊதக் கூடாது, உடையை இங்கேயே மாற்றிக் குளித்துவிட்டுப் போக வேண்டும், என்றாள். அப்புறம் எலோயிடம் மெதுவாகக் கேட்டாள், இருமல் எத்தனை நாளாக என்று.

பட்டறையை மூடச் சொல்லவில்லை. எங்கள் இருவரையும் நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொன்னாள்.

மே 20, செவ்வாய்

சிலிக்கோசிஸ், கல்தூசியால் வரும் நுரையீரல் நோய். எலோய்க்கு. ஆரம்ப நிலை என்றார் டாக்டர். நுரையீரலில் விழுந்த தழும்பு போகாது. இனி தூசியே படாமல் இருந்தால் ஒருவேளை அங்கேயே நிற்கலாம். ஒருவேளை.

மூடியில்லாமல் கிரைண்டர் பிடித்த காலத்திலா, நான் ஊதியதிலா என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாதாம். எனக்குப் பிரித்துத்தானே தெரிய வேண்டும்?

நியேவெஸ் போனில் அழுதாள். "சட்ட வெள்ளையாவே இருந்துட்டுப் போகட்டும்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே நான்."

மே 23

என் ஸ்கேன் வந்தது. ஒன்றுமில்லை. கசில்டா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எலோயிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

ஜூன் 5, வியாழன்

எலோய் இப்போது வீடுகளுக்குப் போய் அளவு மட்டும் எடுக்கிறான். பட்டறைக்குள் வருவதில்லை. நான் விளிம்பு தேய்க்கிறேன், மூடி, உறிஞ்சி, முகமூடி எல்லாம் போட்டு. கோடு தெரியவில்லை, உண்மைதான். சாணுக்கு ஒரு தடவை நிறுத்திக் குனிந்து பார்க்கிறேன். வேலை பாதியாகிவிட்டது.

இன்று அளவுச் சீட்டோடு வாசலில் நின்றான். இயந்திரத்தை நிறுத்தினேன். எத்தனை நாள்தான் மறைப்பது? உள்ளேயிருந்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஊதியது என் கை. என் நெஞ்சில் ஒன்றுமில்லை. மன்னித்துவிடு மச்சான்.

"கசில்டா அன்னைக்கே சொல்லிட்டா" என்றான். "நீயா வந்து சொல்லட்டும்னு இருந்தேன். ஊதச் சொன்னது யாரு? நான்தானேடா."

கையை நீட்டிக்கொண்டு இரண்டடி உள்ளே வந்தான், கட்டிக்கொள்ள. நான் பின்னால் நகர்ந்தேன். என் சட்டையெல்லாம் தூசி.

அவன் கை அப்படியே நின்றது. முகம் ஒரு கணம் வாடிப்போனது. பிறகுதான் புரிந்தது அவனுக்கு.

"குளிச்சிட்டு வா மாப்ள" என்று வெளியே போனான். "நிக்கிறேன்."

தலையை மூன்று தடவை தேய்த்துக் குளித்தேன். வெகுநேரமாகிவிட்டது. வெளியே வந்தபோது வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.