நான்காம் வகுப்புக் கூரை

லெஸ்டர்,
12 ஜனவரி 2025

என் அன்பு ஜான்சி அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த அச்சு முறுக்கில் பாதியை அமலா ஒளித்துவைத்துக்கொண்டு, ஏர்போர்ட்டில் பிடுங்கிவிட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு விஷயம். போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், ஆகவே எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் விழாவுக்கு உன் பள்ளிக்கு வந்தபோது எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாதாரண கான்கிரீட் இல்லை. உள்ளே காற்றுக் குமிழி விட்டு ரொட்டி மாதிரி பொங்கவைத்துச் செய்த பலகைகள். பாரம் குறைவு, வேலை சீக்கிரம் முடியும் என்று அந்தக் காலத்தில் பள்ளி, ஆஸ்பத்திரி, கடை என்று எல்லாவற்றுக்கும் போட்டார்கள். இங்கேயும் அப்படித்தான். அந்தக் கூரைகளைச் சோதிப்பதுதான் இப்போது எனக்கு வேலையே. 2023-இல் இங்கே பள்ளி திறக்கிற நேரத்தில் பல பள்ளிகளில் வகுப்பறைகளை மூடினார்கள்.

உள்ளே தண்ணீர் இறங்கி கம்பி துருப்பிடித்திருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது அக்கா. நேற்றுவரை நிற்கும், இன்றைக்கு விழும். ஒழுகுகிறது என்று நீங்கள் மேலே செங்கல் ஜல்லி கொட்டி கோபா என்கிற தளம் போட்டிருக்கிறீர்கள். ஒழுகல் நிற்கவில்லை, பாரம்தான் ஏறியிருக்கிறது. நான்காம் வகுப்பு அறையில் பலகைகள் நடுவில் தொய்ந்திருப்பது தரையிலிருந்தே தெரிகிறது.

பிள்ளைகளை அங்கிருந்து வெளியே எடு. தயவுசெய்து.

உன் தம்பி,
ஸ்டீபன்


கட்கி,
26 ஜனவரி 2025

பிரியமுள்ள தம்பி ஸ்டீபனுக்கு,

கொடி ஏற்றி, பிள்ளைகளுக்கு பேடா கொடுத்து அனுப்பிவிட்டு எழுதுகிறேன். நீ வந்திருந்த நாளில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதைவிட என் கூரையை அண்ணாந்து பார்த்ததுதான் அதிகம் என்று இப்போதுதான் புரிகிறது.

நீ சொன்னதை அலட்சியம் செய்யவில்லை. ஆனால் இங்குள்ள நிலைமை உனக்குத் தெரியாது. நம் கமிட்டிச் செயலாளர் வெங்கடேஸ்வரனுக்கு இந்தப் பள்ளியை நடத்த விருப்பமே இல்லை. போன கூட்டத்தில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "டீச்சர், பில்டிங் சரியில்லன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுங்க. நான் நிம்மதியா மூடிடறேன்." மூடினால் திறக்க மாட்டார். என் பிள்ளைகளின் அப்பாக்கள் ராணுவ டெப்போவில் கான்ட்ராக்ட் கூலிகள், அம்மாக்கள் சாங்வி ஃப்ளாட்டுகளில் வீட்டு வேலை. தமிழும் சொல்லிக்கொடுத்து, சம்பளம் கட்ட லேட்டானால் பொறுத்துக்கொள்கிற பள்ளி இந்த மராத்தி ஊரில் அவர்களுக்கு வேறு எங்கே இருக்கிறது?

அதனால் சத்தமில்லாமல் செய்கிறேன். மொட்டை மாடியிலிருந்த தண்ணீர் டேங்கை இறக்கியாகிவிட்டது. பட்டம் விடக்கூட ஒருவரையும் மேலே விடுவதில்லை. நான்காம் வகுப்பை நூலக அறைக்கு மாற்றிவிட்டேன், இனி அந்த வகுப்பு அங்கேதான். அங்கே கூரை வெள்ளை வெளேரென்று இருக்கிறது, ஒரு கறை கிடையாது. என் பழைய மாணவன் தினேஷ் போசரியில் ஃபேப்ரிகேஷன் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். மே லீவில் தொய்ந்த கூரைக்கு அடியில் இரும்பு பீம் கொடுத்துவிடுவான். மற்ற அறைகள் தீபாவளி லீவில்.

மே வரைக்கும் பொறு. யாரிடமும் சொல்லாதே.

உன் அக்கா,
ஜான்சி


லெஸ்டர்,
4 பிப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

வெள்ளையாக இருப்பதற்கு சுண்ணாம்பு அடித்ததுதான் காரணம். கறை இல்லாததால் நல்ல கூரை என்று நினைக்காதே. எல்லா அறையையும் ஒருவர் தட்டிப் பார்க்க வேண்டும். பலகையின் முனை பீம் மேல் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும்.

ஆனால் பள்ளி உன் பொறுப்பு. மே வரை பொறுக்கிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், புதிதாக எது தெரிந்தாலும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

ஸ்டீபன்


கட்கி,
21 பிப்ரவரி 2025

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதம் எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? இத்தனை நாளாக இந்தக் கட்டடத்தைப் பற்றி யோசிக்க நான் ஒருத்திதான் இருந்தேன். இப்போது கேட்க ஆள் இருக்கிறது.

தினேஷ் வந்து பார்த்தான். தொய்ந்த அறையில் பலகையும் பீமும் சேருகிற இடத்தில் பூச்சைக் கொஞ்சம் தட்டி எடுத்தான். உள்ளே ஒரு விரிசல். போனில் படம் அனுப்பியிருக்கிறேன், நன்றாகப் பெரிதாக்கிப் பார். "சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்க மிஸ், பலகைக்குத் தாங்கலா சுவரோரமா இரும்பு ஆங்கிள் எந்த சைஸ்ல வைக்கணும்?" என்கிறான். நீ சொல்கிற அளவையே வாங்குவான்.

தாய்மொழி நாளுக்கு மூன்றாம் வகுப்பு மீனு பேசினாள். முதல் வரி தமிழ், இரண்டாம் வரி இந்தி, மூன்றாவது வரியில் மராத்தி வந்துவிட்டது. கை தட்டி கை தட்டி எங்களுக்கெல்லாம் கண்ணில் தண்ணீர். நீ இருந்திருக்க வேண்டும்.

அமலாவுக்கு முறுக்கு அனுப்ப ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
ஜான்சி


லெஸ்டர்,
2 மார்ச் 2025

அக்கா,

நீ அனுப்பிய படத்தில் பலகையின் முனை பீம் மேல் இரண்டு விரல் அகலம்கூட உட்காரவில்லை. அந்த அறையைக் கட்டியவர்கள்தான் மற்ற அறைகளையும் கட்டியிருப்பார்கள். அதைப் பார்த்தபின் ஆங்கிள் அளவு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளவு சொன்னால் நானும் சரி என்று சொன்னதாக ஆகிவிடும்.

அந்தப் படத்தையும், நான் பார்த்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அங்குள்ள கட்டட அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் வருவார்கள்.

வாக்குக் கொடுத்தேன், மீறிவிட்டேன். உன்னிடம் முதலில் கேட்டிருந்தால் என்னைத் தடுத்திருப்பாய்.

ஸ்டீபன்


கட்கி,
11 மார்ச் 2025

ஸ்டீபனுக்கு,

வந்தார்கள். மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள் என்று மராத்தியில் சொன்னார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். எழுதி முடிக்கட்டும் என்றேன். அவர் கூரையைப் பார்த்தார்.

ஆயா பவுன் ஓடிவந்து கேட்டாள்: "டீச்சர், சின்ன மணி அடிக்கவா, பெரிய மணி அடிக்கவா?" நான் விடைத்தாள்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவளாகப் பெரிய மணி அடித்தாள். லீவு விட்டாச்சு என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

பூட்டி அரக்கு வைத்துவிட்டார்கள். சாயங்காலம் கமிட்டி கூடியது. வெங்கடேஸ்வரன் உன் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன டீச்சர் பண்றது, சேஃப்டி முக்கியம் இல்லையா? உங்க தம்பியே எழுதியிருக்காரே" என்றார். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும்தான். இனி பள்ளி இல்லை என்று தீர்மானம் போட்டார்கள்.

உன்னை நம்பித்தான் அந்தப் படத்தை அனுப்பினேன். போன் செய்யாதே. எடுக்க மாட்டேன்.

ஜான்சி


லெஸ்டர்,
15 ஜூன் 2025

அன்பு அக்காவுக்கு,

மார்ச்சிலிருந்து இது நான்காவது கடிதம், ஒன்றுக்கும் பதில் இல்லை. அமலாவின் போனிலிருந்து கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை. சுகமாக இருக்கிறாயா என்று தினேஷிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பள்ளியை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. பிள்ளைகளை வேறு இடத்தில் வைத்து, கோபாவை இறக்கி, ஒவ்வொரு பலகைக்கும் தாங்கல் கொடுத்து, கூரையைச் சரிசெய்யலாம் என்றுதான் எழுதினேன். எப்படிச் செய்வது என்றும் விவரமாக எழுதியிருந்தேன். அதை யாருமே படிக்கவில்லையா?

டிசம்பரில் வருகிறேன். நேரில் திட்டு. ஏதாவது சொல் அக்கா.

ஸ்டீபன்


கட்கி,
3 ஆகஸ்ட் 2025

ஸ்டீபனுக்கு,

இதை நீ தினேஷ் மூலமாகத் தெரிந்துகொள்ளக் கூடாது, நான்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம் விடாத மழை. செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது என்று வாட்ச்மேன் சொன்னான். அதிகாரி என்னையும் கூப்பிட்டார், கூடப் போனேன். தொய்ந்த அறை அப்படியே நிற்கிறது, விரிசலோடு. விழுந்தது நூலக அறை. பலகைகள் மேலிருந்த கோபாவோடு சேர்ந்து பெஞ்சுகள் மேல் இறங்கியிருந்தன. உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. உள்ளே கம்பி இருந்த இடத்தில் துரு மட்டும்தான் இருந்தது.

நான்காம் வகுப்பை அந்த அறைக்குக் கொண்டுபோனது நான். தினேஷ் அந்த அறைக்கு வருவதற்கு தீபாவளி ஆகியிருக்கும். பள்ளி நடந்திருந்தால், ஜூனில் நான்காம் வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் செவ்வாய்க்கிழமை காலையில் அங்கேதான். மீனு முதல் பெஞ்ச்.

நீ சொன்னது சரி. அதிகாரியிடமும் அப்படியே சொன்னேன். வெங்கடேஸ்வரனிடமும் சொன்னேன். "அப்பாடா, நல்லவேளை மூடினோம்" என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிறார்.

மற்றதையும் கேட்டுக்கொள். மீனு இப்போது மராத்திப் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். அவளுக்குப் பேச்சு வராதா என்று அங்குள்ள டீச்சர் அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அவளோடு படித்த காவ்யா எந்தப் பள்ளியிலும் இல்லை. அவள் அம்மாவோடு சாங்வியில் பாத்திரம் தேய்க்கிறாள். தேஹு ரோடிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். அதற்குக் காரணம் நீ. என் கையில் விட்டிருந்தால் இருந்திருக்க மாட்டார்கள். இது தெரிந்த பிறகு நான் இனி எந்தப் பள்ளிக்கும் வேலை கேட்டுப் போக மாட்டேன்.

உனக்கு நன்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. என்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். சொல்லியிருந்தால் உன் காலில் விழுந்தாவது தடுத்திருப்பேன், அது எனக்கே தெரியும். தெரிந்தும் மனது ஆற மாட்டேன் என்கிறது. உன் முகத்தைப் பார்த்தால் அந்த அறைதான் ஞாபகம் வரும். இனி எனக்கு அப்படித்தான்.

டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். அப்பா அம்மா கல்லறைக்குப் போய் வா. ஸ்டேஷன் பக்கம் நல்ல லாட்ஜ்கள் இருக்கின்றன. பண்டிகைக் கூட்டம், முன்கூட்டியே சொல்லிவை.

ஜான்சி