உன் ரத்தத்துக்குப் பதிலாக என் ரத்தம்

என் முகத்தோடு முன்னே போய்விட்ட கதிருக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்பது அபத்தம். நான் நலம், உன் முகமே, தொப்பை மட்டும் கூடுதல். ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்த இரட்டையருக்கு வேறென்ன மாறும்? நேற்று தேக்கா சந்தையில் பூக்கடைச் சாந்தி அக்கா என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் முறைத்த முறையில், நான் எந்தக் காலத்திலோ அக்காவை ஏமாற்றிவிட்டு ஓடியவன் என்றே முடிவு கட்டியிருப்பார்.

அந்தக் கடை வாசலில்தான் நீ எனக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தாய், நினைவிருக்கிறதா? உயர்நிலை நான்காம் ஆண்டு, மறுநாள் பரீட்சை. அக்காவின் மல்லிகைச் சரத்தை எடுத்து உருண்டையாகச் சுருட்டினாய்.

“இதாண்டா குரோமோசோம். நீளமான டிஎன்ஏ, புரதத்தச் சுத்திச் சுத்தி இப்படி அடங்கியிருக்கு.”

“டேய், உங்க பாடத்துக்கு என் பூவா வாடணும்?” என்று கத்தினார் அக்கா.

நீ காதில் வாங்கவில்லை. முறுக்கிய இரண்டு நாரைப் பிரித்துக் காட்டினாய். செல் இரண்டாகும் முன் இழைகள் பிரியும். ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரே, ஏ-வுக்கு டி, ஜி-க்கு சி என்று ஜோடி பார்த்துப் புது இழை கட்டிக்கொள்ளும். எந்தப் பிரதியை எடுத்தாலும் பாதி பழசு, பாதி புதுசு.

“தப்பாக் கட்டிட்டா?” என்றேன்.

“திருத்த என்சைம் இருக்கு லா. அதுவும் சில நேரம் கோட்ட விட்டுடும், ஒன்ன மாதிரி.”

பரீட்சையில் நீ எண்பது, நான் முப்பத்தொன்று. இருவருக்கும் ஒரே டிஎன்ஏதான் என்று வாதாடியும் ஆசிரியை ஒரு மார்க் கூட்டவில்லை.

இப்போது வீட்டுச் செய்தி. உன் குடல் புற்றுநோய் பரம்பரையாக வந்ததா, தனக்கும் இறங்கியிருக்குமா என்று உன் மகள் மதுவுக்குப் பயம். குழந்தை பெற்றுக்கொள்வதற்கு முன் தெரிய வேண்டுமாம். நீயோ மரபணுச் சோதனை செய்துகொள்ளாமலே போய்விட்டாய்.

“சித்தப்பா, அப்பா பிளட் இனிமே கிடைக்காது. உங்க பிளட்தான் இருக்கு. ப்ளீஸ்.”

இரண்டு மாதம் டிமிக்கி கொடுத்தேன். காய்ச்சல், ஆபீஸ், மழை. “ஆங் மோ கியோல உங்க வீட்டுல மழ பேஞ்சா ஃபேரர் பார்க் ஆஸ்பத்திரில பிளட் எடுக்க மாட்டாங்களா?” என்றாள். அப்படியே உன் நாக்கு! ஆனால் உண்மைக் காரணம் பயம். உனக்கு அந்த மரபணுக் கோளாறு பிறவியிலேயே இருந்திருந்தால் எனக்கும் இருக்குமே. அவளுக்கு வருகிற பதில் எனக்கும்தானே? கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. பரம்பரைக் கோளாறு எதுவும் தென்படவில்லை. எப்போதோ உன் குடலில் ஒரு செல் பிரதியெடுக்கையில் விழுந்த பிழையாகத்தான் இருக்கும் என்றார் மருத்துவர். மது அழுதாள், சிரித்தாள். நானும் சிரித்தேன். எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. சட்டை, அம்மை, அப்பாவின் அடி என்று எல்லாவற்றிலும் எனக்குப் பாதி கொடுத்தவன், இந்த நோயை மட்டும் ஏன்டா தனியாக வைத்துக்கொண்டாய்?

முடிவு நல்லதாக இருந்தாலும், உடன்பிறந்தவன் என்பதால், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனையை நான் தள்ளிப்போடக் கூடாதாம். நீ ‘வெறும் மூலம்தான்’ என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டாய். நான் போகிறேன், கதிர். நர்ஸிடம் புலம்புவேன், மானம் போகக் கத்துவேன். ஆனால் போவேன். சத்தியம்.

உன்னைவிட ஏழு நிமிடம் சின்னவனாகப் பிறந்து,
இப்போது இரண்டு வயது மூத்துவிட்ட
உன் தம்பி சேகர்