பெப்பர்மின்ட் டப்பா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். எத்தனை முறை போன் அடித்தும் நீ எடுக்கவில்லை. எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது என்று என் மனம் சொல்கிறது. அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

உன் மாமாவுக்கு மறுபடி வயிறு வீங்கி, காய்ச்சலும் உளறலும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஈரல் சுருங்கியவர்களுக்கு வயிற்றில் கோத்துக்கொள்ளும் நீரில் கிருமி சேர்ந்துவிடுமாம். ஊசியால் நீரை எடுத்துப் பார்த்து மருந்து ஏற்றினார்கள். கேட்கவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மருந்தையே மாற்றினார். நம்மை வைத்துச் சோதனை செய்கிறார்களோ என்று நான் முறைத்தேன். அவரோ என்னை முறைத்து, "வீட்டுல தானா எந்த மருந்தாவது சாப்பிட்டாரா? மறைக்காம சொல்லுங்க" என்றார்.

என் சந்தேகம் வேறு. திரும்பக் குடிக்கிறார் என்று நினைத்தேன். காய்ச்சலில் கிடந்தவரின் வாயை மோந்து பார்த்தேன், தம்பி. வீட்டுக்கு வந்து பீரோ, பரண் எல்லாம் குடைந்தேன். பாட்டில் இல்லை. சவரப் பெட்டிக்குள் பெப்பர்மின்ட் டப்பா கிடைத்தது. உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகக் காப்ஸ்யூல்கள்.

"தொண்டைக்கு மிட்டாய்டி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், உளறல் தெளிந்த பிறகு இப்போது கேட்டால், "ஆஸ்பத்திரின்னா நீ பயந்துடுவே. வலிச்சா ரெண்டு போடுவேன், நின்னா விட்டுடுவேன்" என்கிறார். யார் கொடுத்தது என்றால் சுவரைப் பார்க்கிறார். நம் குடும்பத்தில் மருந்துக் கிடங்கில் வேலை பார்ப்பவன் நீ ஒருவன்தான். உன் பார்சலில் எனக்குச் சால்வை, அவருக்கு பெப்பர்மின்ட். இனிப்பே தொடாத மனுஷனுக்கு எதற்கு என்று அன்றே உறுத்தியது.

அது கிருமியைக் கொல்லும் மருந்தாகத்தான் இருக்கும், அரைகுறையாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கிருமிக்கு மருந்து பழகியிருக்கும் என்கிறார் டாக்டரம்மா. எது கேட்கும் என்ற பரிசோதனை முடிவு வர இன்னும் நாளாகுமாம். இப்போது ஏற்றுவது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. டப்பாவில் இருப்பது என்னவென்று தெரிந்தால் அடுத்ததைத் தேர்ந்தெடுக்க உதவுமாம். அட்டையிலிருந்து பிரித்துக் கொட்டியதில் பேர் இல்லை.

"நான் குடிக்கலைன்னு இப்பவாவது நம்புறியா?" என்று காலையில் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

உன்னைத் திட்ட மாட்டேன். வேலைக்கு ஆபத்து என்று பயந்தால் உன்னைப் பற்றி யாரிடமும் மூச்சுவிட மாட்டேன். மருந்தின் பேரை மட்டும் எழுது, இன்றே எழுது. நீ நன்றாக இரு. உன் மாமாவையும் இருக்க விடு.

கட்டிலருகே போனைக் கையில் வைத்தபடி,
உன் அக்கா