உன் மாமாவின் முட்டி மடங்கிப்போவதற்குள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் மாமாவும் நலம்தான், ஒரு கால் குறைவு, அதை நலத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் வீட்டில் சண்டை. அங்கே நீயும் உன் தண்ணீர்த் தொட்டிப் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே 'அம்மா, லேப்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்' என்கிறாய், அந்த அப்புறம் இதுவரை வந்தபாடில்லை. காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது, கடைசி வரிவரை படித்தே ஆக வேண்டும்.

முதலில் மற்ற சங்கதிகளை முடித்துவிடுகிறேன். உன் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், அதிகாரத்திலிருந்து இன்னும் பெறவில்லை. சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் எழுதி ஒட்டியிருக்கிறார். சர்க்கரை எங்கே என்று கேட்டால் எண்ணைச் சொல்கிறார், எடுத்துத் தர மாட்டேன் என்கிறார். என் பட்டறையில் பிளாஸ்டிக் தகடு சூடாக்கும் அடுப்பு மக்கர் செய்து இப்போது சரியாகிவிட்டது. போன வாரம் ஒரு தபால்காரர் செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க வந்தார், கூடவே ஒரு பை நிறையப் பழைய ஷூக்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் கொட்டி, 'இதெல்லாம் வீணாப் போகக் கூடாதும்மா, இதுக்குத் தகுந்த மாதிரி பாதம் வெச்சிடுங்க' என்றார். எல்லோர் காலையும் பிடித்துத்தான் எனக்குப் பிழைப்பு, அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். உனக்கு அனுப்பிய ஸ்வெட்டர் பொருந்துகிறதா என்று நீ சொல்லவே இல்லை. குளிரில் சும்மா மெல்லிசாகப் போட்டுக்கொண்டு அலையாதே, உன் பிராணிகளுக்குத்தான் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும், உனக்கு மூக்கு ஒழுகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த உன் மாமா, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டு 'வா வா வா' என்று கைகாட்டினால், கற்றுக்கொள்ள வந்த பெண் பாவம் என்ன செய்வாள், சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிட்டாள். அது உனக்குத் தெரியும். ஓடி வந்து ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாய். அந்தப் பெண் இன்னும் அவனைப் பார்க்க வருகிறாள், வாசலிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறாள். இவன் 'அழாதம்மா, ரிவர்ஸ் எடுக்கறப்ப மூணு கண்ணாடியும் பாரு' என்று பாடம் எடுக்கிறான். அந்த மட்டில் மனுஷன் மாறவில்லை. நீ போன பிறகு நடந்ததுதான் உனக்கு முழுசாகத் தெரியாது. காயம் நன்றாக ஆறிவிட்டது, தையல் பிரித்தாயிற்று. முட்டி தப்பித்துவிட்டது, அதற்குக் கீழே ஒரு சாண் மிச்சம் இருக்கிறது. என் தொழிலில் அது ராஜயோகம். முட்டி இருப்பவனுக்குக் கால் செய்து கொடுத்தால் பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பான். உன் மாமா மறுபடி வண்டியில் உட்கார்ந்து அடுத்தவர்களைத் திட்டலாம். நான் மனசுக்குள் அந்தக் காலைச் செய்தே முடித்துவிட்டேன். அப்போதுதான் உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ மேடையில் பேசிய வீடியோ வந்து சேர்ந்தது.

நானும் அதைப் பார்த்தேன், ஒரு தடவை அல்ல. புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. உன் தண்ணீர்த் தொட்டிச் சாலமாண்டருக்கு, அந்த வால் நீண்ட தவளைச் சாதிப் பிராணிக்கு, கால் போனால் காயத்தின்மேல் தோல் மெல்ல நகர்ந்து மூடிக்கொள்கிறது, தடித்த வடு விழுவதில்லை. அந்தத் தோலுக்கு அடியில், இத்தனை நாள் எலும்பும் சதையுமாக இருந்து பழகிய செல்கள் பதவியைக் கழற்றி வைத்துவிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களைப்போல் ஒன்றுகூடி ஒரு சின்னக் குமிழாக நிற்கின்றன. அதைத்தான் நீ மொட்டு என்றாய். உன் அப்பாவுடன் ஒரே வீட்டில் இருக்கிறேன் அல்லவா, பதவியைக் கழற்றி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும், அந்தப் பிராணிமேல் மரியாதையே வந்துவிட்டது. முன்பு அதைப் பல்லி என்று நான் சொன்னதற்கு நீ கோபித்துக்கொண்டது நியாயம்தான். பல்லிக்கு மறுபடி வளரும் வாலில் சரியான எலும்புகூட இருக்காதாமே. இதற்கோ மணிக்கட்டில் போனால் உள்ளங்கையும் விரல்களும் மட்டும், தோளில் போனால் முழுக்கை, கூடவும் இல்லை குறையவும் இல்லை. நரம்பு வந்து சேராவிட்டால் எதுவுமே முளைக்காது என்றும் சொன்னாய். நம் உடம்புதான் அவசரக்காரி, ரத்தம் போகிறது கிருமி வருகிறது என்று பதறிப்போய் கையில் கிடைத்ததைப் போட்டு அடைத்துவிடுகிறது, அதுதான் வடு. சின்னப் பிள்ளைகளுக்கு நகக்கண் தப்பியிருந்தால் விரல் நுனி மட்டும் திரும்ப வளர்வது உண்டு, அத்தோடு நம் சாமர்த்தியம் தீர்ந்தது. எல்லாம் நன்றாகத்தான் பேசினாய், எனக்கே பெருமையாக இருந்தது. கடைசியில் 'ஒரு நாள் மனிதர்களுக்கும் இது முடியலாம்' என்று முடித்தாய். அரங்கத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். உன் மாமா காலண்டரைப் பார்த்தான்.

மறுநாளே மிச்சக்காலில் இறுக்கிச் சுற்றியிருந்த எலாஸ்டிக் பேண்டேஜை அவிழ்த்துப் போட்டுவிட்டான். வீக்கம் வடிந்து கால் ஒரு வடிவத்துக்கு வரத்தான் அந்தக் கட்டு. அது மொட்டை அமுக்குகிறதாம். பிறகு முட்டிக்கு அடியில் ஒரு தலையணை. அது சுகமாகத்தான் இருக்கும், அதனால்தான் கால் போனவர்களிடம் நாங்கள் முதலில் பிடுங்குவதே அந்தத் தலையணையை. மடக்கியே வைத்திருந்தால் முட்டி அப்படியே இறுகிவிடும், பிறகு எந்தக் காலும் சரியாகப் பொருந்தாது. சொன்னால் கேட்கிறானா. சுழல் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுற்றுகிறான், முட்டி மடங்கியபடியே. ஒரு நாள் உன் அத்தையைக் கூப்பிட்டு, 'கட்டை விரல் அரிக்குது, வர ஆரம்பிச்சிடுச்சு' என்று சொல்லியிருக்கிறான். இல்லாத விரல் அரிப்பது என்னிடம் வருகிற முக்கால்வாசிப் பேருக்கு உண்டு. மூளைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை, பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னால், 'உனக்குப் பொறாமை அக்கா, உன் கடை படுத்துடும்னு பயம்' என்கிறான்.

அதற்கும் பிறகு மிச்சக்காலின் நுனியில் ஒரு சின்ன முடிச்சு தட்டுப்பட்டது. தொட்டால் சுரீர் என்கிறது. அதை எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து, 'மொட்டு வந்தாச்சு பாப்பா' என்று உனக்கு அனுப்பினான். நீ என்ன பதில் போட்டாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். 'பார்க்கலாம் மாமா', பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். அது மொட்டு இல்லை என்று அதைப் பார்த்த அந்த நிமிஷமே உனக்குத் தெரிந்திருக்கும். வெட்டுப்பட்ட நரம்பு வளரத்தான் பார்க்கிறது, போய்ச் சேர இடம் இல்லாமல் சுருண்டு முடிச்சாகி நிற்கிறது. பாவம் அந்த நரம்பு, அதுவும் தன்னால் ஆனதைச் செய்து பார்க்கிறது. அவன் அந்தப் பதிலை டிரைவிங் ஸ்கூல் முழுக்கக் காட்டினான். முதலாளி புது ஆள் போடாமல் அவன் இடத்தை வைத்திருக்கிறார், கால் வரட்டும் என்று.

கண்ணு, உன்னை நான் திட்டத்தான் உட்கார்ந்தேன், பாதிக் கோபம் இவ்வளவு எழுதியதிலேயே இறங்கிவிட்டது. ஆனால் மிச்சப் பாதியைக் கேட்டுக்கொள். உன் ஒவ்வொரு 'பார்க்கலாம்' வரும்போதும் அவன் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சௌகரியமாகச் சாய்ந்துகொள்கிறான், முட்டி இன்னும் கொஞ்சம் மடங்குகிறது. பிசியோதெரபி அம்மா வந்து பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக மாடிப்படிக்குக் கூட்டிப் போனார். 'இப்ப ஆரம்பிச்சா நிமிர்த்திடலாம், இன்னும் இப்படியே விட்டா என் கையிலயும் இல்ல உங்க கையிலயும் இல்ல' என்றார். அவர் எதையும் மிகைப்படுத்திச் சொல்கிறவர் இல்லை. அப்படி ஆகிவிட்டால் உன் மாமாவுக்கு ஆயுசுக்கும் அந்தச் சுழல் நாற்காலிதான்.

உன் அத்தை ஒரு யோசனை சொன்னாள். 'அண்ணி, செயற்கைக் கால் மாட்டி நடந்தாதான் நரம்பு தூங்காம இருக்கும், அப்பதான் நிஜக் கால் முளைக்கும்னு பாப்பா சொன்னதா அவர்கிட்ட சொல்லிடுங்க. நாளைக்கே மாட்டிப்பார்.' நிஜமாகவே மாட்டிக்கொள்வான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தொழிலில் இத்தனை வருஷத்தில் நான் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லிப் பூட்டின கால் எல்லாம் கொஞ்ச நாளில் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. பழையபடி நடப்பேனா என்று யார் கேட்டாலும் நான் இல்லை என்றுதான் சொல்வேன். பழையபடி இல்லை, இது வேற நடை, கத்துக்கணும், முதலில் வலிக்கும் என்பேன். அழுவார்கள், என்னைத் திட்டுவார்கள், ஒருவர் என் மேசையில் இருந்த அரத்தைத் தூக்கி எறிந்தார். பிறகு நடந்துவிட்டார்கள்.

அதே நினைப்பில் பிளாஸ்டர் சுருளையும் வாளியையும் எடுத்துக்கொண்டு என் தம்பி வீட்டுக்கே போனேன். முட்டியை நிமிர்த்திப் பிளாஸ்டர் போட்டுச் செயற்கைக் காலுக்கு அச்சு எடுத்துவிட வேண்டும், பேச்சே கிடையாது என்ற முடிவோடு போனேன். அவன் மிச்சக்காலை மடக்கிப் போட்டு அந்த முடிச்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் தினமும் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிற வார்த்தை, என் கூடப் பிறந்தவனிடம் வாயில் வரவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'எனக்கும் தெரியும்க்கா' என்றான். 'அது முளைக்காதுன்னு கொஞ்ச நாளா தெரியும். ஆனா நானே போய்க் கட்டைக்கால் மாட்டிக்கிட்டா பாப்பா என்ன நினைப்பா? மாமாவே நம்பிக்கை விட்டுட்டாரு, நம்ம வேலை அவ்வளவுதான்னு நினைச்சுப்பா. ராவும் பகலும் அதுங்க தொட்டி பக்கத்துலயே கிடக்குறா. அவளா சொல்லட்டும், அப்ப மாட்டிக்கிறேன்.'

எனக்கு அழுகையும் வந்தது, இரண்டு பேரையும் சேர்த்து வைத்து மொத்த வேண்டும்போலவும் இருந்தது. அவன் மனசு ஒடிந்துவிடும் என்று நீ உண்மையைச் சொல்லவில்லை. உன் மனசு ஒடிந்துவிடும் என்று அவன் காலை மாட்டவில்லை. நடுவில் கிடந்து மடங்குவது அந்த முட்டி. இவ்வளவு பாசம் உடம்புக்கு ஆகாது.

அதனால் நீதான் சொல்ல வேண்டும். வளைத்துப் பேசாதே, தவளைக்கு ஏதோ கால்மாதிரி வந்தது, எலிக்கு விரல் நுனி வந்தது என்று ஆறுதல் சொல்ல ஆரம்பிக்காதே, அவன் அதிலும் தொங்கிக்கொள்வான். 'மாமா, இது உங்களுக்கு இல்லை' என்று சொல். எனக்கே அதைச் சொல்ல வரவில்லை, இருந்தாலும் சொல். உன் வேலை வீண் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இன்னும் பிறக்காத யாருக்கோ நீ கால் செய்துகொண்டிருக்கிறாய், நான் இப்போது படியிறங்க வேண்டியவர்களுக்குச் செய்கிறேன். உன்னால் என் பட்டறையை மூடும் நாள் வந்தால் நானே பூட்டைத் தேடி எடுத்து வருவேன், அதுவரை எனக்குக் கண் தெரியவேண்டும் என்பதுதான் கவலை. அவன் அழுவான். போனை வைத்துவிடாதே, கூடவே இரு. நீயும் அழுவாய், பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் மாமாவைக் கூப்பிடு, மறக்காதே. நான் அவன் பக்கத்தில்தான் இருப்பேன். அத்தை வெந்நீர் வைத்திருப்பாள், பிசியோதெரபி அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு, உன் பிராணிகளுக்கு முன்னால் நீ சாப்பிடு. நல்ல உடம்போடும் எடுத்த காரியம் கைகூடியும் நீ நீடூழி வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். அப்பா தன் ஆசீர்வாதத்தைத் தனியாக எண் போட்டு அனுப்புவார்.

இப்படிக்கு,
நீ அவனிடம் சொல்லி முடித்த பிறகுதான் பிளாஸ்டரைத் தண்ணீரில் நனைப்பேன் என்று காத்திருக்கும்,
உன் அம்மா