தலையில் ஏறாத முளைப்பாரி

ஆடி 5, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. மாடியில் துணி நிற்கவில்லை.

மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டியாயிற்று. இந்த வருடம் எங்கள் வீட்டு முளைப்பாரிச் சட்டி என் பெயரில். முடக்குவாதம் வந்து என் கைமூட்டுகள் வீங்கியதிலிருந்து கொழுந்தன் மனைவி செல்விதான் எனக்குப் பதில் தூக்கினாள். இனி நான் என்றதும் "சரிக்கா" என்றாள். முகம் சரியில்லை. இருக்கட்டும்.

மொச்சை, தட்டாம்பயறு, பாசிப்பயறு. எருவில் நானே தூவினேன். விரல் மடங்குகிறது! சீப்புப் பிடிக்க முடியாமல் வீட்டுக்காரரைத் தலை வாரிவிடச் சொன்ன கை இது. வாதத்துக்கான பயோலாஜிக் ஊசி ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. வலி போனால் அரித்த எலும்பும் வளர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இன்றிலிருந்து விரதம். ஒருவேளைச் சாப்பாடு.

ஆடி 7, வியாழன்

ஊசி நாள். பிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டுக் காபி. பிறகு தொடையில். ஆபீசுக்கு அரை நாள் லீவு. கைக்கு எக்ஸ்ரே, எலும்பு அடர்த்தி ஸ்கேன். ரிசல்ட் சனிக்கிழமை.

மாலையில் தண்ணீர் தெளிக்கப் போனேன். சட்டிகளை வைத்திருக்கும் இருட்டு அறையில் வெள்ளை வெள்ளையாக முளை. உச்சந்தலையில் அந்தக் கனம் வேண்டும். கழுத்து கடுக்கக் கோவில் வரை நடக்க வேண்டும். இந்த வருடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆடி 9, சனி

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். விரல் மூட்டு ஓரத்தில் அரித்த இடங்கள் போன வருடம் போலவே. புதிதாக ஒன்றும் இல்லை. மூட்டு அழற்சிதான் எலும்பைத் தின்றதாம். ஊசி அதை அடக்கியதும் தின்பது நின்றிருக்கிறது. முதுகெலும்பின் அடர்த்தியும் மேற்கொண்டு இறங்கவில்லை. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம்.

"அப்ப பழையபடி வளந்துருச்சா டாக்டர்?"

"நின்னுருக்கும்மா. போனது பெரும்பாலும் திரும்பாது."

முளைப்பாரி பற்றிக் கேட்டேன். ஸ்டீராய்டு மாத்திரையை வருடக்கணக்கில் தின்றதும் சேர்ந்து முதுகெலும்பு மெலிந்து கிடக்கிறதாம். தலையில் கனம் ஏற்றினால் நசுங்கலாம். சட்டி எம்புட்டு என்று கையால் காட்டினேன், கொஞ்சம் குறைத்தே. அப்போதும் கூடாது என்றுவிட்டார்.

ஒத்தக்கடை பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் டிக்கெட்டை மடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஆடி 10, ஞாயிறு

சிக்கல். விதை போட்ட நாளிலிருந்து விரதம் இருந்தவள்தான் தூக்கலாம். அதுவும் அந்த வீட்டுப் பெண். தூக்காமல் விடவும் கூடாது. ஆட்டோவில் வைத்துக் கொண்டு போகலாமே என்கிறார் அவர். ஆம்பளை யோசனை.

கடைசியில் செல்வி வீட்டுக்குப் போனேன். தட்டில் இட்லி. போச்சு, இவளும் விரதம் இல்லை.

"அது பிள்ளைகளுக்குக்கா. நான் செவ்வாக்கெழமையிலருந்து ஒரு பொழுதுதான்."

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா, உங்களால முடியாதுன்னே நான் நெனச்சுட்டேன்னு வருத்தப்படுவீக."

நினைத்திருக்கிறாள்தானே! கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இட்லி ஆறிப்போனது.

ஆடி 11, திங்கள்

கால்சியம் மாத்திரை. கரண்ட் பில். முருங்கைக்கீரை.

தண்ணீர் தெளிக்கச் செல்வி போனாள். கூப்பிட்டாள். தலைவலி என்றேன். பொய்.

ஆடி 13, புதன்

மழை வருவது போல் இருந்து வரவில்லை.

ஊர்வலம். பயிர் நன்றாக எழும்பியிருந்தது. செல்வி தலையில் எங்கள் சட்டி, பக்கத்தில் நான். அவள் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் என் கழுத்து விறைத்துக்கொண்டது. அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். என்ன செய்ய.

கோவில் முன்னால் இறக்கி வைத்துக் கும்மி. என்னையும் வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள். கை தட்டினேன். நன்றாகவே சத்தம் வந்தது. வலியே இல்லை. சட்டித் தண்ணீர் கசிந்து, தூக்கி வந்த எல்லாருக்கும் உச்சி முடி நனைந்து படிந்திருந்தது. நடுவில் ஒருமுறை என் உச்சியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.