மாமியின் கல்வெட்டில் பாலனுக்கு ஓர் இடம்

12.05.2004, கிளிநொச்சி
மாமியின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம், அதாவது கல்வெட்டு, என் தலையில் விழுந்திருக்கிறது. கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவன் மருமகனாக வாய்த்தால் வேறென்ன? தேவாரம், வாழ்க்கை வரலாறு, சந்ததி எல்லாம் வேர்ட்டில் ஏறிவிட்டன.

14.05
கனடாவிலிருந்து தொலைபேசி. ஒரு பேரப்பிள்ளை விடுபட்டுவிட்டதாம். சேர்த்தேன். அதன்பின் வந்த தலைப்பெல்லாம் அடுத்த பக்கத்துக்கு நழுவின. உள்ளடக்கத்துப் பக்க எண்களைக் கையால் அடித்தவன் நான். ஸ்பேஸ் கட்டையைக் குத்திக் குத்தி வரிசைப்படுத்தியவனும் நான்தான். ஓ.எல். சோதனையில் கணக்கில் கோட்டைவிட்டவனுக்கு வேறு வழி?

15.05
தன் தம்பி பாலனின் பெயர் எங்கே என்று மனைவி விமலேஸ்வரி கேட்டாள். அண்ணனோடு பிடித்த காணிச் சண்டையோடு அக்கராயன் ஊருக்குப் போனவன். "அம்மா கடைசியா அவனைத்தான் கேட்டவா."
பெரிய மச்சான் பரமலிங்கத்திடம் சொன்னேன். "இனி ஒரு பேர் கூட்டினாலும் எல்லாம் குழம்பும் எண்டு நீர்தானே சொன்னனீர். இடமில்லை எண்டு தங்கச்சிக்குச் சொல்லிவிடும்."
சொன்னேன். அவள் தந்த பின்னேரத் தேத்தண்ணியில் சீனி இல்லை.

17.05
மகள் கௌசலா வவுனியா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து லீவில் வந்தாள். என் கோப்பைப் பார்த்து, "அப்பா, இது புத்தகமில்லை, தடி முட்டுக்கொடுத்த கொட்டில்" என்றாள். சீடீயில் லேற்றெக் என்ற புத்தகம் கோக்கும் மென்பொருளைக் கொண்டுவந்திருக்கிறாள். ஆய்வறிக்கைகளை அங்கே அதில்தான் செய்கிறார்களாம். எது தலைப்பு என்று குறித்துவிட்டால் போதும். பக்கம் பிரிப்பதும் எண் போடுவதும் அதன் பாடு.

18.05
தலைப்பைக் குறிக்கையில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தேன். முழுப் புத்தகமும் வேலைநிறுத்தம். எனக்கேன் இந்த வேலை?

21.05
வழிக்கு வந்துவிட்டது — அதுவா, நானா, தெரியாது. சோதனைக்கு நடுவில் நாலு வரி கூட்டி லேற்றெக்கை ஓட்டினேன். உள்ளடக்கம் பழைய எண்களையே காட்டியது. "இன்னொருக்கா ஓட்டுங்கோ அப்பா." ஓட்டினேன். எல்லா எண்ணும் தானாகத் திருந்தி நின்றன.
பின்னால் விமலேஸ்வரி. "இப்ப இடம் இருக்கோ?"
இருக்கிறதே. அதுதான் கரைச்சல்; மச்சானின் சாட்டு இனிச் செல்லாது.

22.05
பெரிய மச்சானைப் பார்க்க முரசுமோட்டைக்குச் சைக்கிளில் போனேன். "மச்சான், இப்ப எத்தினை பேரையும் கூட்டலாம். வேண்டாமெண்டால் அதை நீங்களே தங்கச்சிக்குச் சொல்லுங்கோ."
அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டு முடித்தார். பிறகு, "அவன்ர பெண்சாதியின்ர பேர் கமலாசனி. அதையும் போடும்."

24.05
அச்சகத்துக்குப் போய்விட்டது.

01.06
முப்பத்தோராம் நாள். பாலன் பந்தலின் ஓரத்தில் நின்றான். விமலேஸ்வரி கொண்டுபோய்க் கல்வெட்டைக் கொடுத்தாள். உள்ளடக்கத்தில் 'பிள்ளைகள்' என்ற வரியில் விரலை வைத்து, எண்ணைப் பார்த்து, நேரே அந்தப் பக்கத்தை விரித்தான்.
எண் சரியாக இருந்தது.