பழைய அரிசிக்குக் கூடக் கொடுக்கலாம்

ஜனவரி 27, திங்கள்

துவரம்பருப்பு மறுபடியும் ஏறிவிட்டது. கடைக்கார சித்தீக் பாய் விலை சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, தராசைப் பார்த்தே சொல்கிறார். அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மெடிக்கல் காலேஜ் சாலையில் என் மதியச் சாப்பாட்டுக் கேரியரை நம்பி நாற்பது பேர் இருக்கிறார்கள். விலையை ஏற்றினால் பாதிப் பேர் போய்விடுவார்கள். ருசியைக் குறைத்தால் மீதிப் பேரும் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் புகழேந்தி கேரியர்களை வண்டியில் கட்டிக்கொண்டே, “எல்லாத்தையும் மலிவுல வாங்கிட வேண்டியதுதான்” என்கிறார். ஆகா, என்ன யோசனை! சமைப்பது நான், திட்டு வாங்குவது நான்.

எதற்குக் கூடக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கவே கூடாது என்று ஒவ்வொரு சாமானாகச் சமைத்துப் பார்த்து முடிவு கட்டப்போகிறேன். கட்டியே தீருவேன்.

ஜனவரி 30, வியாழன்

உப்பு, சர்க்கரை: எது மலிவோ அது. பளபளக்கிற பாக்கெட்டுக்குக் கொடுக்கிற காசு பாக்கெட்டுக்குத்தான்.

மிளகாய்த்தூள் பாக்கெட்டில் வாங்குவது இன்றோடு நின்றது. முழு மிளகாயும் மல்லியும் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்வேன். கை எரியும். எரியட்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மலிவுப் பருப்பு ஒரு அடுப்பில், விலை கூடினது இன்னொரு அடுப்பில். மலிவுப் பருப்பு வேகவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. நாலு விசில் விட்டும் கரண்டியில் கல்லாகத் தட்டுப்படுகிறது. அதற்கு எரிந்த கேஸை யார் தருவது? பருப்புக்குக் கூடக் கொடுக்கலாம்.

புளியும் அப்படித்தான். மலிவுப் புளியில் கொட்டை, ஓடு, நார் எல்லாம் போனால் மிச்சம் ஒரு கைப்பிடி. அதுவும் கறுப்பு.

இரண்டு சாம்பாரையும் இவருக்கு ஊற்றி, எது நல்லது என்று கேட்டேன். “ரெண்டும் நல்லாருக்கு.” இந்த மனுஷரை ஜட்ஜாகப் போட்டால் ஜெயிலில் ஒருத்தர் இருக்க மாட்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

பெருங்காயம்: கட்டி. கூடக் கொடுத்தாலும் ஒரு கிள்ளு போதும். இதில் பேச்சே இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

அண்ணன் வந்தான். பரணி அண்ணன். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து குட்டியானை வண்டி பிடித்து ஐந்து மூட்டை அரிசி கொண்டுவந்தான். சம்பா அறுத்து, அவித்து, மில்லில் கொடுத்து அரைத்த நம் வயல் அரிசி! “நீ யாவாரம் பண்றியாம்ல. வானதி சொன்னா. வச்சுக்க” என்றான்.

புகழேந்தியைக் கட்டிக்கொண்டதிலிருந்து பிறந்த வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி வந்ததில்லை. எங்கள் நிலத்தில் வேலை செய்த குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டேன் என்று அப்பா சாகும்வரை பேசவில்லை. அப்பாவுக்குப் பிறகு வானதி அண்ணி ஒளிந்து ஒளிந்து போனில் பேசுவாள். அண்ணன் அதுவும் இல்லை. பதினாலு வருஷம்.

இன்றைக்கு வந்துவிட்டான். மூட்டையை அவனே தோளில் தூக்கி வாசலில் அடுக்கினான். உள்ளே வா என்றேன், “வண்டிக்காரன் காத்துருக்கான்.” தண்ணியாவது குடி என்றேன், “இப்பதான் இளநி குடிச்சேன்.” பரவாயில்லை. வந்தானே.

மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தேன். புது அரிசி வாசனை.

பிப்ரவரி 15, சனி

அரிசிச் செலவு இனி இல்லை. சித்தீக் பாயிடம் “எங்க அண்ணன் அரிசி போட்டுட்டாரு” என்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கட்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

குழைந்துவிட்டது.

தண்ணீர் கூடிப்போயிருக்கும். நாளைக்குக் குறைத்து வைக்கிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

தண்ணீர் குறைத்தால் நடுவில் வேகாமல் விதை நிற்கிறது, கூட்டினால் களி. வடித்துப் பார்த்தேன். உலை கொதிக்கும்போது எண்ணெய் விட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தேன். வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைத்தும் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கும்போது பரவாயில்லை என்று தோன்றும். கேரியரில் அடைத்து, வெயிலில் இவர் வண்டியில் போய், அவர்கள் திறக்கிற நேரத்துக்குள் கட்டியாகிவிடுகிறது.

இதில் புதிர் ஒன்றுமில்லை. புது அரிசி குழையும். டெல்டாவில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வருஷமாவது கிடக்க வேண்டும். எனக்கும் தெரியும். தெரிந்தும் பொங்கிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

பூர்ணிமா டாக்டர் போன் பண்ணினாள். மேற்படிப்பு படிக்கிற பெண், முதல் நாளிலிருந்து என் கேரியர்தான். “அக்கா, கோச்சுக்காதீங்க. இது சாதமா, உப்புப் போட மறந்த பொங்கலா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அவளோடு தங்கியிருக்கிற மூன்று பேர் நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். போன வாரமே நாலு பேர் நின்றுவிட்டார்கள்.

பருப்புக்கும் புளிக்கும் அவ்வளவு ஆராய்ச்சி செய்தவள், கேரியரில் பாதி இடம் பிடிக்கிற சோற்றை மட்டும் பார்க்காத மாதிரி இருக்கிறேன். ஓசியில் வந்ததே என்றா? அது இல்லை. அது அண்ணன் அரிசி.

மார்ச் 5, புதன்

இவரிடம் சொன்னேன். சித்தீக் பாயிடம் பழைய அரிசியே வாங்கிவிடலாம், ஆனால் அண்ணன் காதுக்குப் போனால் என்ன ஆகும்? பதினாலு வருஷம் கழித்து வந்த அரிசியை ஒதுக்கி வைத்துவிட்டுக் காசு கொடுத்துக் கடையில் வாங்குகிறாள் என்றால், செருப்பால் அடித்த மாதிரி நினைப்பான். மறுபடியும் வாசலை மிதிக்க மாட்டான்.

இவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே சொன்னார்: “உங்க அண்ணன் அரிசி குடுத்தாரு. அது அரிசியா இருக்கற வரைக்கும் நாம சொந்தம், மேகலா. சோறாயிட்டா வேற ஆளு.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

அரிசியைக் கொடுக்கலாம். வேகவைத்ததைத்தான் தொடக் கூடாது. எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இளநி குடித்தேன் என்றானே, அப்போது உறைக்கவில்லையே எனக்கு! சந்தோஷத்தில் கண் அவிந்து போயிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

போன் பண்ணிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணே, உன் அரிசி குழையுது. யாவாரத்துக்கு ஆகல. கடையில பழைய அரிசி வாங்கப்போறேன். மத்தவங்க சொல்லி நீ கேக்கறதுக்குள்ள நானே சொல்றேன்.”

“என்னது? நம்ம வயல் அரிசி குழையுதா? மூணு தலமுறையா அந்த மண்ணுல வெளையுது! உனக்கு வடிக்கத் தெரியலன்னு சொல்லு.”

எனக்கு வடிக்கத் தெரியாதாம்! வந்ததே கோபம்.

“அரிசி குடுக்கத் தெரிஞ்ச ஒனக்கு எங்க வீட்டுச் சோத்தத் திங்க முடியல. திங்காத ஆளுக்கு அது குழையுதா குழையலயான்னு எப்புடித் தெரியும்?”

போன் கட்டாகிவிட்டது.

சொல்லியிருக்கக் கூடாதோ? இல்லை. பதினாலு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 10, திங்கள்

சித்தீக் பாய் கடையில் பழைய அரிசி இரண்டு மூட்டை. அதே ரகம், போன வருஷத்து நெல். கிலோவுக்கு நன்றாகவே கூட. பாய் கேட்டார்: “அண்ணன் அரிசி போட்டாருன்னீங்களேக்கா?”

“அது வீட்டுக்கு பாய், இது யாவாரத்துக்கு” என்றேன். மனுஷர் அதற்குமேல் கேட்கவில்லை.

வடித்தேன். பூப்போல உதிர்ந்தது. அதே படி அரிசிக்குச் சோறும் கூடக் கண்டது. கூடக் கொடுத்ததில் பாதி அதிலேயே திரும்பிவிடும். அரிசிக்குக் கூடக் கொடுக்கலாம். எழுதிவிட்டேன். இனி மாற்றமில்லை.

மார்ச் 22, சனி

நின்றவர்களில் ஐந்து பேர் திரும்பி வந்துவிட்டார்கள். பூர்ணிமா, “இதுதான்க்கா சாதம்!” என்றாள்.

அண்ணனிடமிருந்து ஒன்றுமில்லை. வானதி அண்ணியும் பேசவில்லை. பொங்கியது போக மிச்ச மூட்டைகள் பின்னறையில் கிடக்கின்றன. பிரித்த மூட்டையைக் கட்டி வைத்துவிட்டேன். அந்த அறைக்குள் போனால் வாசனை வருகிறது. போவதில்லை.

ஏப்ரல் 5, சனி

மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். இவர் கேரியர் கொடுக்கப் போயிருந்தார். கேட் திறக்கிற சத்தம். அண்ணன்.

வா என்று நான் வாயைத் திறக்குமுன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கூடத்தில் நடுவாக நின்றான். முகம் கடுகடு என்று இருந்தது.

“எங்க அந்தக் கடை அரிசி? வடி. என் அரிசியையும் வடி. ரெண்டையும் போடு. எது குழையுதுன்னு நான் பாக்கறேன்.”

“நீயா பாக்கப்போற?”

“பின்ன யாரு பாப்பா? வெளைய வச்சவன் நான்.”

இரண்டு அடுப்பிலும் உலை வைத்தேன். கொல்லையில் போய் இலை அறுத்து வந்தேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கோபத்தில் வந்துவிட்டான், ஆறிப்போனால் எழுந்து போய்விடுவானோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சோறு வேகிற நேரம் இவ்வளவு நீளமா?

இலையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தேன். முதலில் தன் அரிசியைக் குழம்பில்லாமல் வெறுமனே எடுத்து வாயில் போட்டான். மெதுவாக மென்றான். “மணம் இருக்கு” என்றான். பிறகு மற்றதை எடுத்தான். இரண்டு விரலால் பிரித்துப் பார்த்தான். மறுபடி தன் அரிசி. மறுபடி அது.

“குழையத்தான் செய்யுது” என்றான். “புதுசுல்ல. யாவாரத்துக்குப் புது அரிசியக் கொண்டாந்து போட்டிருக்கேன் பாரு, எனக்கு அறிவு இருக்கா? என் அரிசி, என் அரிசின்னு ஒரு இது.”

“கிடந்து பழசானா அதுவும் நல்லா வரும்ணே.”

“வரும். ஏன் வராது?” என்றவன், “சரி, கொழம்ப ஊத்து” என்றான்.

பார்த்தாகிவிட்டது, எது குழைகிறது என்று தெரிந்தாகிவிட்டது. எழுந்திருக்க வேண்டியதுதானே? குழம்பு கேட்கிறான். ஊற்றினேன். வத்தக்குழம்பு. பிசைந்து சாப்பிட்டான். “புளி நல்ல புளியா இருக்கே, எங்க வாங்குன?” என்றான்.

அந்த நேரம் பார்த்து இவர் காலிக் கேரியர்களோடு உள்ளே வந்தார். அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டார். அண்ணன் கையும் இலையிலேயே நின்றுவிட்டது. நான் குழம்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு மரமாக நிற்கிறேன்.

இவர் கேரியர்களைக் கீழே வைத்தார். குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். வந்து இலையில் இரண்டு சோறும் இருப்பதைப் பார்த்து, இரண்டு பாத்திரத்தையும் அருகே இழுத்துக்கொண்டு குனிந்தார். “எது வைக்கட்டும்? புதுசா, பழசா?”

அண்ணன் நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் நேருக்கு நேர் பார்த்து நான் கண்டதில்லை. “பழசு” என்றான்.

இவர் வைத்தார். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்றாவதுக்குக் கை போனது.

அண்ணன் இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டி மறைத்தான்.

“போதும் மாப்ள. போதும்.”

நான் அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மோர் எடுத்துப் போனேன்.

போகும்போது மூட்டைகளைத் திருப்பி எடுத்துப்போகிறேன் என்றான். விடவில்லை நான். “இங்கயே கெடந்து பழசாகட்டும். வண்டு கிண்டு வருதான்னு நீ வந்து பாத்துக்க” என்றேன். வேப்பிலையைக் காயவைத்துப் போடச் சொல்லிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நல்லெண்ணெய்: புளிக்குழம்பு தாளிக்க மட்டும் செக்கு எண்ணெய், கூடக் கொடுக்கலாம். அப்பளம் பொரிக்க வேண்டவே வேண்டாம்.

ஏப்ரல் 24, வியாழன்

அண்ணன் வந்தான். அரிசியில் வண்டு வந்திருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றான். சரியாகச் சாப்பாட்டு நேரம்.

இவரும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேட்டூரில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று ஒரே பேச்சு. ரசம் இரண்டு தரம் கேட்டான். ஏப்பம் விட்டான், வெற்றிலை போட்டான், அண்ணிக்கென்று ஒரு கேரியரில் குழம்பும் கட்டிக்கொண்டு மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

பின்னறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.